நூலின் மறுமுனையில் ஒரு யானைக்குட்டி

தொடங்குவது ஒரு குணம், முடிப்பது வேறொரு குணம். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் அவளை வைத்துக் குடும்பம் நடத்துவது கஷ்டம் என்று கடவுள் நினைத்திருக்க வேண்டும். எனக்கு முதலாவதை மட்டும் அள்ளிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டைத் திறந்தால் நான் சொல்வது விளங்கும். கல்யாணமான புதிதில் கணவருக்கென்று ஆரம்பித்த நீல ஸ்வெட்டர் அங்கே இருக்கிறது. அதற்கு ஒரு கை உண்டு, இன்னொரு கை இல்லை. (அந்தக் கை வருவதற்குள் மகள் வந்துவிட்டாள்.) மகளுக்கு ஆரம்பித்த குல்லா இருக்கிறது. அவள் தலை வளர்ந்த வேகத்துக்கு என் ஊசியால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒற்றைக் கால் சாக்ஸ் ஒன்று, யாருடைய கால் என்பது எனக்கே மறந்துபோய், பாச்சை உருண்டை வாசனையோடு படுத்திருக்கிறது.

நான் தேவாலாவில் குடியிருக்கிறேன். நாடுகாணிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கணவர் டீ பேக்டரியில் எலக்ட்ரீசியன். மகள் இலக்கியா ஒன்பதாம் வகுப்பு. இந்த நான்கு வாக்கியத்துக்குள் ஊசியைப் பிடிக்க நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள். காலையில் டிபன், பஸ், பள்ளி, ஆன்லைன் பதிவு, விடைத்தாள், மறுபடி பஸ், காயாத துணி. எங்கள் ஊர் மழைக்காலத்தில் ஒரு பாவாடை காய்வதற்குள் ஒரு பருவத்தேர்வு வந்து போய்விடும்.

ஆனாலும் நான் பின்னினேன். கிடைத்த இடத்திலெல்லாம் பின்னினேன். ஒருமுறை மணியடித்த அவசரத்தில் ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு பத்தாம் வகுப்புக்குள் போய்விட்டேன். நியூட்டனின் விதிகளை எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். வகுப்பு அப்படியொரு அமைதியாக இருந்தது. ஆஹா, பிள்ளைகளுக்கு விசையின் மீது ஆர்வம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க தலையில இருந்து மஞ்ச நூலு கதவு வரைக்கும் போகுதுங்க" என்றாள். உண்மைதான். நூலுருண்டை ஆசிரியர் அறையிலேயே இருந்தது. நான் மட்டும் வகுப்புக்கு வந்திருந்தேன்.

அந்த மஞ்சள் நூலைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

என் கணவரின் தங்கை கவிதா ஊட்டியில் இருக்கிறாள். கல்யாணமாகி ரொம்ப காலம் கழித்து உண்டானாள். அவளுடைய வளைகாப்பில், கையில் சந்தனமும் வாயில் லட்டுமாக இருந்த சந்தோஷத்தில், நான் எழுந்து நின்று அறிவித்துவிட்டேன்: "பாப்பாவுக்குப் போர்வை நான் பின்னித் தரப் போறேன்."

மண்டபமே என் பக்கம் திரும்பியது. பிறகு கவிதா மெதுவாகக் கேட்டாள், "அண்ணி, எம் பாப்பா காலேஜ் போறதுக்குள்ள கெடைச்சிருமுங்களா?"

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தபோது, சிரித்துத் தொலைத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். யோசித்துத்தான் போர்வை என்று சொன்னேன் (பிற்பாடு யோசித்ததை முன்பே யோசித்ததாகச் சொல்லிக்கொள்வது என் வழக்கம்). போர்வைக்குக் கை கிடையாது, கழுத்து கிடையாது, இரண்டாவது கால் கிடையாது. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து நேராகப் போய்க்கொண்டே இருந்தால் மறு ஓரம் வந்துவிடும். ரசம் கொதிக்கிற நேரத்தில் பின்னினேன். பெற்றோர் கூட்டத்தில், "உங்க பையன் படிக்கறான், ஆனா எழுத மாட்டேங்கறான்" என்று சொல்லிக்கொண்டே பின்னினேன். இலக்கியாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பின்னினேன். ஆசிரியர் கூட்டத்தில் மேசைக்கடியில் பின்னும்போது தலைமையாசிரியை, "டீச்சர், கூட்டக் குறிப்பு எழுதச் சொன்னா நீங்க அத ஊசியில எழுதறீங்களே" என்றார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் ஓரக்கண்ணால் பார்த்து, "எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டார்.

வந்துகொண்டுதான் இருந்தது. கவிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். அந்த ஞாயிறு காலை, தேவாலாவில் நாங்கள் மூவரும் ஊட்டி பஸ் ஏறியபோது, என் மடியில் ஒரு முழுப் போர்வை இருந்தது. முழு என்றால், நான்கு விரற்கடை பாக்கி.

"கூடலூர் தாண்டறதுக்குள்ள பாதி. நடுவட்டத்துல மீதி. பைக்காரா வந்தா கடைசி வரிசையை மூடிருவேன். ஊட்டியில எறங்கும்போது கலர் பேப்பர்ல சுத்தறது மட்டும்தான்" என்றேன்.

"ஊட்டி வரைக்கும்தான் பஸ்ஸு போகுது" என்றார் கணவர். "அதுக்கு மேல வேணும்னா தனியா வண்டி புடிக்கோணும்."

"அப்பா, அம்மாவைத் தொந்தரவு பண்ணாதீங்க. வரலாறு நடந்துட்டிருக்கு" என்றாள் இலக்கியா.

முன் படிக்கட்டை ஒட்டிய இருக்கை எங்களுக்குக் கிடைத்தது. நான் ஓரத்தில், கணவர் நடுவில், இலக்கியா ஜன்னலில். படிக்கட்டுக்குக் கதவு கிடையாது. சாரல் லேசாக உள்ளே அடித்தது. என் ஊசிகள் பறந்தன. எதிர்சீட்டில் தோட்டத்து வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், மடியில் ஒரு சாக்குப்பையோடு என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பொருள் என் கையில் முடியப்போகிறது என்ற கர்வத்தில் நான் கொஞ்சம் தேவைக்கு அதிகமாகவே ஊசியை ஆட்டினேன்.

நாடுகாணியைத் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் பஸ்ஸிலிருந்த எல்லா நெற்றிகளும் முன்கம்பியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பின. என் மடியிலிருந்த நூலுருண்டை துள்ளியது. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக, தன் ஸ்டாப் வந்துவிட்ட பயணியைப் போல நிதானமாக இறங்கியது. ரோட்டில் விழுந்தது. இறக்கத்தைப் பார்த்ததும் உருள ஆரம்பித்தது.

"ஐயோ, என் நூலு" என்று கத்த வாயைத் திறந்தேன். கணவர் என் வாயைப் பொத்தினார். (கல்யாணமான நாளிலிருந்து செய்ய நினைத்த காரியம் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார்.)

பொத்திய கைக்கு மேலாகத்தான் பார்த்தேன். மூடுபனிக்குள், ரோட்டுக்குக் குறுக்கே, மூன்று பெரிய பாறைகள் இருந்தன. நேற்றைக்கு இங்கே பாறை இல்லையே என்று நினைத்தேன். நடுவிலிருந்த பாறை காதை ஆட்டியது.

எங்கள் பக்கத்தில் யானை புதிதில்லை. மழை லீவு மாதிரி யானை லீவும் எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு. ரோட்டில் யானை லத்தி கிடந்தால் சூடு ஆறிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் நடப்போம். வீட்டுச் சுவரை இடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆளைக் கொன்ற வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். அதனால் யானை எங்களுக்கு வேடிக்கை அல்ல. ஆனால் அதுவரை நான் பார்த்த யானையெல்லாம் மலைச்சரிவில் ஒரு கறுப்புப் புள்ளி, அல்லது இருட்டில் ஒரு மரம் முறியும் சத்தம். ஒரு கல்லெறி தூரத்தில், நடுவில் கண்ணாடிகூட இல்லாமல், அது மூச்சு விடுவது கேட்கும்படி பார்த்ததில்லை.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். கண்டக்டர் குனிந்தபடியே வந்து, "யாரும் சத்தம் போடாதீங்க, அசையாதீங்க" என்று கிசுகிசுத்தார். பின்னாலிருந்து யாரோ மலையாளத்தில், "குட்டியுண்டு... குட்டியுண்டு கேட்டோ" என்றார்கள்.

ஆமாம். பெரிய கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. நெற்றியெல்லாம் செம்பட்டை மயிர். தும்பிக்கையை என்ன செய்வதென்றே அதற்கு இன்னும் பிடிபடவில்லை போலும். புது மாணவன் கையில் கொடுத்த காம்பஸ் மாதிரி அதை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரே, ஈரத் தார் ரோட்டில், பொன்னிறமாக உருண்டு வந்து நின்றது என் நூலுருண்டை.

குட்டி அதைப் பார்த்தது. ஒரு அடி பின்வாங்கியது. தும்பிக்கை நுனியால் தொட்டது. உருண்டை நகர்ந்தது. குட்டி பயந்து அம்மாவின் வயிற்றுக்கடியில் ஓடியது. பிறகு திரும்ப வந்தது. மறுபடி தொட்டது. கடைசியில் ஒருவழியாகச் சுருட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டது. தூக்கியதும் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது பாருங்கள், பரிசு வாங்கிய பிள்ளை மேடையில் நிற்பதைப் போல.

அப்போதுதான் என் விரலில் அது தெரிந்தது.

நூலின் ஒரு முனை அங்கே, மறுமுனை என் சுட்டுவிரலில் சுற்றியிருந்தது. குட்டி தலையை ஆட்டியபோது என் விரல் ஆடியது. குட்டி நின்றபோது என் விரல் நின்றது. காட்டு யானை ஒன்று என் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நடுவில் ஒரு நூல்தான்.

பிறகு குட்டி ஓடத் தொடங்கியது.

நூல் விறைத்தது. என் ஊசி வெடுக்கென்று கண்ணிகளிலிருந்து உருவிக்கொண்டு கீழே விழுந்து 'டிங்' என்றது. பஸ்ஸே மூச்சை இழுத்துக்கொண்டது. நடு யானை, அதுதான் அம்மா, இரண்டு காதையும் விரித்து எங்கள் பக்கம் திரும்பியது.

அறிவியல் ஆசிரியை என்பதால் ஒரு விஷயம் எனக்குச் சட்டென்று உறைத்தது. இழுவிசை. வருஷா வருஷம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிற பாடம். நூல் இறுகினால் குட்டி தடுமாறும். குட்டி தடுமாறினால் கத்தும். குட்டி கத்தினால் அம்மா நூலைப் பிடித்துக்கொண்டு நூலின் மறுமுனைக்கு வரும். மறுமுனையில் இருப்பது நான், என் குடும்பம், ஒரு பஸ் நிறைய ஜனம். ஆகவே நூல் இறுகக்கூடாது. நூல் இறுகாமலிருக்க வேண்டுமானால் தளர்வு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தளர்வுக்கு நூல் எங்கே இருக்கிறது? மடியில் இருக்கிறது. போர்வையாக இருக்கிறது.

பிரித்தேன்.

என் கையாலேயே, வரிசை வரிசையாக, இந்தக் கையால் உருவி அந்தக் கையால் விட்டேன். பிரிவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணிகள் பட்பட்டென்று கழன்றன. குட்டிக்கு ஒரே குஷி. மேட்டில் ஏறியது, இறங்கியது, அம்மாவைச் சுற்றியது, பெரியம்மாவைச் சுற்றியது. நூல் போய்க்கொண்டே இருந்தது. காலையில் பஸ்ஸில் பின்னியது முதலில் போனது. பிறகு பெற்றோர் கூட்டம் போனது. ரசம் கொதித்த சாயங்காலங்கள் போயின. இலக்கியாவின் காய்ச்சல் போனது. நான் எங்கெங்கோ திருடிச் சேர்த்த கால்மணி நேரங்களெல்லாம் ஒரே நூலாகி, சுருள் சுருளாக, பனிக்குள் போய் ஒரு யானைக்குட்டியிடம் சேர்ந்துகொண்டிருந்தன.

அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதை இன்றைக்கு வரைக்கும் என்னால் விளக்க முடியவில்லை. பயமும் ஒரு கட்டத்துக்கு மேல் இல்லை. அந்த அம்மா யானையின் கால் நகங்களில் ஒட்டியிருந்த செம்மண் தெரிந்தது. காது மடலின் ஓரத்தில் இருந்த கிழிசல் தெரிந்தது. அது மூச்சு விட்டால் பனி விலகி மறுபடி சேர்ந்தது. இவ்வளவு பெரிய ஒன்று, இவ்வளவு சத்தமில்லாமல் நிற்க முடியுமா என்று வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். கை மட்டும் தன்பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவரின் போன் அடித்தது. கவிதா. "எங்க வந்துட்டிருக்கீங்க?" என்று கேட்க. மனிதர் போனை எடுத்துத் தொடைக்கடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அது உள்ளே கிடந்து முனகியது. அவர் முகத்தில் ஓடிய வேதனையைப் பார்த்தால், யானை மிதித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

அம்மா யானை ஒரு அடி எங்களை நோக்கி வைத்தது. எதிர்சீட்டு அம்மா சாக்குப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நாங்க ஒண்ணும் செய்யல தாயி, போயிரு, புள்ளையைக் கூட்டிட்டுப் போயிரு" என்று உதடு மட்டும் அசையச் சொன்னார்.

யானை நின்றது. எங்களைப் பார்த்தது. பிறகு தன் பிள்ளையைப் பார்த்தது. அதன் ஒரு காலைச் சுற்றி மஞ்சள் நூல், வாயருகே மஞ்சள் உருண்டை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இலக்கியா சின்னவளாக இருந்தபோது சாக்பீஸைக் கடித்துக்கொண்டு நின்றால் நான் பார்க்கிற அதே பார்வை. தும்பிக்கையை நீட்டி, அந்த உருண்டையைக் குட்டியிடமிருந்து பிடுங்கியது. குட்டி கீச்சென்று முறையிட்டது. யானை அதைத் தூக்கித் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் எறிந்தது. எறிந்த கையோடு, 'நட' என்பதுபோல் குட்டியின் பின்புறத்தில் ஒரு தள்ளு.

குட்டி காலை எடுத்து வைத்தது. நூல் அறுந்தது. அறுந்த சத்தம் கேட்கவில்லை. என் விரலில் இருந்த கனம் மட்டும் சட்டென்று இல்லாமல் போனது.

மூன்று பாறைகளும் ஒரு குட்டிப் பாறையும் மேட்டில் ஏறின. தேயிலைக்குள் இறங்கி, சோலைக்குள் நுழைந்தன. ஒரு கிளை ஆடியது. அப்புறம் பனி மட்டும்தான்.

டிரைவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

யானைகள் தூரம் போனது உறுதியானதும் கண்டக்டர் இறங்கி நூலை இழுத்தார். "காட்டுல ஒண்ணும் விட்டுட்டுப் போகக்கூடாதுங்க" என்று நான் சொன்னேனோ, அவர் சொன்னாரோ, ஞாபகமில்லை. பஸ்ஸே இறங்கி எனக்கு நூல் சுற்றியது. ரோட்டிலிருந்து, செடியிலிருந்து, மேட்டிலிருந்த கல்லிலிருந்து. செடிகளுக்குள் கிடந்த உருண்டையும் கிடைத்தது. எல்லாவற்றையும் சேர்த்து, சேறும் சருகும் வேறு சில பொருள்களும் ஒட்டிய ஒரு பந்தாக என் மடியில் வைத்தார்கள். எதிர்சீட்டு அம்மா கீழே கிடந்த ஊசியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். போர்வையில் மிச்சமிருந்தது ஒரு சாண் உயரம். கண்ணிகள் மேலும் கழன்றுவிடாமல் அவற்றை ஊசியில் கோர்த்தேன்.

ஊட்டி வரை நான் ஒரு வரிசைகூடப் பின்னவில்லை. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மட்டும் யோசித்தேன். பஸ்ஸில் தவறிவிட்டது என்று சொல்லலாம். பூச்சி அரித்துவிட்டது என்று சொல்லலாம். யானை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்று சொல்லும் பிள்ளைகளை நானே எத்தனை முறை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்!

கவிதா வீட்டு வாசலில் கால் வைத்தேன். உள்ளேயிருந்த அத்தனை பேரும் எழுந்து கைதட்டினார்கள்.

எதிர்வரிசையில் இருந்த யாரோ செல்போனில் வீடியோ எடுத்து, அது கூடலூரைத் தாண்டி, நடுவட்டத்தைத் தாண்டி, எங்களுக்கு முன்பே ஊட்டி போய்ச் சேர்ந்திருந்தது. கவிதா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்க அண்ணி."

பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைகள் பேய் பிடித்தாற்போல் பிரித்துக்கொண்டிருக்கின்றன. "மெதுவா, சாமி... மெதுவா ஓடு, கண்ணு" என்று முனகுகிறாள். (நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அதுவரை சத்தியம் செய்திருப்பேன்.) அது போதாதென்று, பின்னணியில் ஒரு கிசுகிசுப்பு. முதலில் என் கணவர் குரல்: "கடிச்சு அறு, சுமதி." பிறகு கண்டக்டர்: "டீச்சர், கடிச்சு அறுத்து வுட்டுருங்க." பிறகு இலக்கியா: "அம்மா, பல்லு, பல்லு!" கடைசியில் பஸ் முழுக்க, சாமி கும்பிடும் கூட்டம்போல ஒரே குரலில்: "கடிங்க டீச்சர்... கடிங்க..."

எனக்கு எதுவும் கேட்டதாக ஞாபகமில்லை. சத்தியமாக ஒரு சத்தம்கூடக் கேட்கவில்லை. இழுவிசையைக் கணக்கிட்ட அறிவியல் ஆசிரியைக்கு, நூலைப் பல்லால் கடித்தால் அறுந்துவிடும் என்ற ஒரு விஷயம் மட்டும் கடைசி வரை தோன்றவே இல்லை.

மண்டபத்தில் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பையிலிருந்து அந்தச் சாண் துண்டை எடுத்து, "இதுதான் மிச்சம்" என்றேன்.

கவிதா மட்டும் சிரிப்பை நிறுத்தினாள். துண்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். குழந்தையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் கிடத்தினாள். "ஏன் அண்ணி அறுக்கல?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தெரியல கவிதா" என்றேன். பிறகு உண்மையையே சொன்னேன். "தோணியிருந்தாலும் அறுத்திருக்க மாட்டேன்னு நெனைக்கறேன். அது இழுக்கறது எங் கையில தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டினாள். "செரி. இந்தத் துண்டை இப்ப, இங்கயே முடிங்க. முடிச்சாத்தான் பேர் வெப்போம்."

முடித்தேன். பந்தலில் ஐயர் காத்திருக்க, உறவெல்லாம் சுற்றி நின்று பார்க்க, கடைசி வரிசையைக் கண்ணி கண்ணியாக மூடினேன். நுனியைப் பல்லால் கடித்து அறுத்தேன். அப்போது எழுந்த கைதட்டலை ஊட்டி ஏரிவரை கேட்டிருப்பார்கள். போர்வையாக வேண்டிய அது, ஒரு சாண் அகலத்தில் மஃப்ளராகக் குழந்தையின் கழுத்தைச் சுற்றியது. நீளமும் அகலமும் இரண்டு ஓரமும் உள்ள, என் வாழ்நாளில் முடிவடைந்த முதல் பின்னல் வேலை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது இழுத்துக்கொண்டே போனால், போனில் பேச்சானாலும் சரி, வீட்டுச் சண்டையானாலும் சரி, "கடிச்சு அறு" என்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகளும் இழுவிசைப் பாடம் வந்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தலைமையாசிரியைகூட, கூட்டம் நீண்டுபோனால், "கடிச்சு அறுப்போமா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறாள். மஃப்ளர் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டாள். கதையை எத்தனையோ முறை கேட்டுக் கேட்டு, தனக்கென்று ஒரு கதையைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். போன மாதம் நான் ஊட்டி போயிருந்தபோது பால்வாடி டீச்சர், "இந்த மஃப்ளர் யாரு கண்ணு பின்னுனது?" என்று அவளிடம் கேட்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"யானை" என்றாள் அவள்.

"யானையா!"

"ஆமா. பெரிய போர்வையாப் பின்னிட்டிருந்துச்சு." பிறகு என் பக்கம் கையை நீட்டி, குறையாகச் சொன்னாள். "இந்த அத்தைதான் பிரிச்சுட்டாங்க."